பூண்டு உரிப்பதற்குள் முடிந்த சோதனை

எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போனது. கல்யாணப் பேச்சு நடந்தபோது அதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அதற்கப்புறம் சொல்வதற்கு ஒரு நேரம் வாய்க்கவே இல்லை. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதவள், எப்போதும் ஏதோ யோசனையில் இருப்பவள் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

சின்னவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்த புதிது. சமையலறையில் அடுப்புக்கு இடது பக்கம் கிடந்த முக்காலி ஒருநாள் வலது பக்கம் வந்திருந்தது. யாரோ கூட்டும்போது நகர்த்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் எங்கள் மாமனாரின் நாற்காலியும் என் வலது பக்கத்துக்கு வந்துவிட்டது. "இங்க உட்காருங்க மாமா, பேப்பர் படிக்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்று சின்னவள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா கூப்பிடுவதெல்லாம் அன்றிலிருந்து எனக்குக் கேட்க ஆரம்பித்தது. "பெரியவளுக்கு இப்பல்லாம் கவனம் வந்திருக்கு" என்று அவர் மெச்சினார்.

நிறைய நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் ஒருமுறைகூட என் இடது பக்கம் நின்று பேசியதில்லை. சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் நின்ற பிறகுதான் வாயைத் திறப்பாள். வந்த புதிதில் ஒருநாள் எனக்கு இடப்புறம் நின்று கரண்டி கேட்டாள் போலிருக்கிறது. நான் கொடுக்கவில்லை. பிறகு வலப்புறம் வந்து அதையே கேட்டாள். கொடுத்தேன். அவ்வளவுதான், தெரிந்துகொண்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

அவள் என் ஓரகத்தி. என் கொழுந்தனாரின் மனைவி. ஓரகத்திகள் என்றாலே ஊரார் காதைத் தீட்டிக்கொண்டு சண்டைக்குக் காத்திருப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் பல வருஷம் காத்திருந்து அலுத்துப்போனார். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். அவள் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பே வேலையில் இருந்தாள். என்ன வேலை என்று பெண் பார்க்கப் போன அன்று மாமா கேட்டதற்கு, "சாஃப்ட்வேர் சோதனை பண்றேன்" என்றாளாம். மாமா வீட்டுக்கு வந்ததும், "கடவுள் நமக்கு ஒரு சோதனையைக் கொடுத்திருக்கார். ஆனா நல்ல சோதனை. பேசி முடிச்சிடலாம்" என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் அவள் பெயர் சோதனைதான். "சோதனை எங்கே? காலையிலிருந்து காணோமே" என்பார். கேட்பவர்கள் அவருக்கு என்னமோ கஷ்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள் வந்த இரண்டாம் வருஷம் மாமியார் படுக்கையில் விழுந்தார். ஒரு பக்கம் கை கால் வரவில்லை. புரட்டிப் போடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் ஒருத்தி எப்படியோ சமாளித்திருப்பேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவள் கேட்கவே இல்லை. வேலையை விட்டுவிட்டு வந்து எதிர்ப்பக்கம் நின்றாள். "நீங்க தோளைப் பிடிங்க அக்கா, நான் இடுப்பைப் பிடிக்கறேன்." நான்கு வருஷம் அப்படி நின்றாள். மாமியார் கண்ணை மூடியபோது அவர் முதுகில் ஒரு புண் கிடையாது. ஆண்டவன் கேட்டால் அதை நான் தலை நிமிர்ந்து சொல்வேன்.

அதற்கப்புறம் அவள் மறுபடியும் வேலை தேடினாள். அங்கேதான் இடித்தது. முன்வாசல் பக்கத்து அறையில், மாமியாரின் கட்டில் கிடந்த இடத்தில், ஒரு மேசை போட்டு உட்கார்ந்து வரிசையாகக் கம்பெனிக்காரர்களிடம் கம்ப்யூட்டரில் பேசுவாள். பேசி முடித்து வெளியே வரும்போது முகம் சின்னதாகிப் போயிருக்கும்.

"என்னம்மா சொன்னாங்க?"

"நான் விட்டுட்டுப் போனப்ப இருந்ததெல்லாம் இப்ப பழைய வெர்ஷனாம் அக்கா. அப்ப நானும் பழைய வெர்ஷன்தானே?"

"அப்படின்னா நான் எந்த வெர்ஷனும்மா?"

"நீங்க எந்த மிஷினிலயும் ஓடுவீங்க அக்கா" என்று சிரித்தாள். ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கடைசியில் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் போகலாம். அவள் முகத்தில் பழைய களை வந்ததை அன்றுதான் பார்த்தேன். இந்த இடமும் போய்விட்டால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கம்பெனி சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு கையடக்கக் கருவி செய்கிறது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் சர்க்கரை எவ்வளவு, ஊசி மருந்து எவ்வளவு போட்டுக்கொள்ள வேண்டும் என்று அது சொல்லும். அதற்குள்ளே இருக்கும் புரோகிராமை வேறு ஆட்கள் எழுதுகிறார்கள். அதில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இவள் வேலை. அதையும் இவள் கையால் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கென்றே இன்னொரு புரோகிராம் எழுதி வைத்திருப்பாள். சாப்பிடாமல் குத்தினால் என்ன சொல்வாய், இரண்டு தடவை குத்தினால் என்ன சொல்வாய், பாதியில் பேட்டரி போனால் என்ன செய்வாய் என்று அது ஆயிரக்கணக்கில் கேள்வி கேட்டுக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தால் திரையில் பச்சை. ஒன்று பிசகினாலும் சிவப்பு.

அத்தனை கேள்வியும் கேட்டு முடிக்க அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை இவளுக்கு அங்கே வேலை இல்லை. நேரே சமையலறைக்கு வருவாள்.

"ஓட விட்டுட்டு வந்தேன் அக்கா."

முதல் தடவை இதைக் கேட்ட மாமா கூடத்திலிருந்து, "எதை ஓட விட்டே? பின்னாடியே துரத்திட்டு வராதே?" என்றார்.

முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் வலது பக்கம் உட்காருவாள். நான் முறத்தில் பூண்டை வைத்திருப்பேன். இருவரும் உரிப்போம். முழுப் பூண்டையும் உடைத்து, பல் பிரித்து, தோல் உரித்து, கிண்ணம் நிறைவதற்கும் முன்னறையில் எல்லாம் முடிந்ததென்று கம்ப்யூட்டர் மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும். எங்கள் வீட்டில் பூண்டுக்குச் செலவே அதிகமாகிவிட்டது. தேவையோ தேவையில்லையோ, உரித்து எண்ணெயில் போட்டு வைத்துவிடுவோம். நாங்கள் பேசியதெல்லாம் அந்த நேரத்தில்தான். அவள் அம்மா வீட்டுக் கதை, நான் பள்ளிக்கூடம் விட்ட கதை, ஆண்டவன் எல்லாவற்றையும் கேட்கிறாரா என்கிற கதை. "கேட்பார். ஆனா சில சமயம் இடது காதால கேட்கறார் போல" என்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் தலையைக் குனிந்து பூண்டு உரித்தாள். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்கு மேலே ஒரு இளைஞர் இருந்தார். வயதில் இவளைவிடச் சின்னவர். நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. குரல் மட்டும் முன்னறைக் கதவைத் தாண்டி வரும். எதைச் சொன்னாலும் "சூப்பர் மேடம், சூப்பர்" என்பார். நெட் போய்விட்டது என்றால்கூட சூப்பர்தான். அதனால் மாமா அவருக்கு சூப்பர் என்றே பெயர் வைத்துவிட்டார்.

ஐந்தாவது மாதம் முடியும் சமயம். ஒருநாள் காலையில் சின்னவள் வழக்கம்போல வந்தாள். "ஓட விட்டுட்டு வந்தேன் அக்கா. சூப்பர் என்னவோ எல்லாத்தையும் புதுசா மாத்தியிருக்காராம். வேகமா ஓடுமாம்." உட்கார்ந்தாள். ஒரு பூண்டை எடுத்து உடைத்தாள். முதல் பல்லின் தோலில் நகத்தை வைத்திருப்பாள். மணி அடித்தது.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எழுந்து போனாள். சூப்பரின் குரல் கேட்டது. "பாத்தீங்களா மேடம்? எல்லாம் பச்சை! எவ்வளவு வேகம் பாருங்க! சூப்பர் சூப்பர்!" திரும்பி வந்தாள். உட்காரவில்லை. கையில் அந்த ஒற்றைப் பல் பூண்டு இன்னும் இருந்தது.

"பச்சைன்னா நல்லதுதானே?" என்றேன்.

"நல்லதுதான் அக்கா" என்றாள். ஆனால் அந்தப் பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உரிக்காமலே கிண்ணம் நிறைஞ்ச மாதிரி இருக்கு."

போய் உட்கார்ந்தவள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஒண்ணுகூட ஓடலை."

"பச்சை வந்துச்சுன்னியே?"

"தப்பு எத்தனைன்னு கேட்டா பூஜ்யம்னு சொல்லுது. அதனால பச்சை. ஓடினது எத்தனைன்னு கேட்டா, அதுவும் பூஜ்யம். அதை யாரும் கேட்கலை."

பின்னாலேயே வந்து நின்ற மாமா, "பரீட்சைக்கே போகாதவன் நான் ஃபெயிலே ஆகலைன்னு சொல்ற மாதிரி" என்றார்.

"அதேதான் மாமா!"

விஷயம் இது. எந்தப் புரோகிராமுக்கும் கீழே, அது நின்று ஓடுவதற்கு மேடை மாதிரி ஒன்று இருக்குமாம். ரன்டைம் என்று பெயர். சூப்பர் அந்த மேடையைப் புது வெர்ஷனாக மாற்றிவிட்டார். கேள்விகளை எல்லாம் தேடி எடுத்து ஓட வைக்க ஒரு சின்னப் புரோகிராம் துண்டு உண்டு. அது பழைய வெர்ஷன். புது மேடையில் அதற்கு ஏறத் தெரியவில்லை. "ஒரு கேள்வியும் கண்ணில் படவில்லை" என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது. நூறு வரிகளுக்கு நடுவே கிடந்த அந்த ஒரு வரியை யாரும் படிக்கவில்லை. பச்சையைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

எனக்கு இது நன்றாகப் புரிந்தது. காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து உதடு அசைய முழுப் பிரார்த்தனையும் சொல்லி முடித்து எழுந்திருப்பேன். எழுந்த பிறகு பார்த்தால் மனசு முழுக்கப் பால் பாத்திரத்திலேயே இருந்திருக்கும். அன்றைக்கும் எனக்குப் பச்சைதான்.

அந்தக் கருவியின் புதுப் புரோகிராம் அந்த வாரமே ஜனங்களுக்குப் போகிறது. எல்லாம் தயார் என்று சூப்பர் மேலே சொல்லிவிட்டார். சின்னவளை நிரந்தரமாக்க எழுதிக் கொடுக்க வேண்டியவரும் அதே சூப்பர்தான்.

சாயங்காலம் கொழுந்தனார் வந்ததும் மேசையில் இந்தப் பேச்சுதான். அவர் கெட்டவர் இல்லை. அவள் முகம் சின்னதாகி வெளியே வந்த நாட்களை எல்லாம் பார்த்தவர்.

"இன்னும் ஒரு மாசம்தானே? நிரந்தரம் ஆனதும் சொல்லிக்கோயேன்" என்றார்.

"அதுக்குள்ள அந்த மிஷின் எத்தனை வீட்டுக்குப் போயிருக்குங்க?"

"தப்பு இருக்குன்னு நீயா நினைக்கறே. இல்லாமயும் இருக்கலாமே?"

"இருக்கலாம். அதுதாங்க எனக்குத் தெரியலை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பச்சை காட்டறது பொய். ஏதோ ஒரு வீட்ல மாமா மாதிரி ஒருத்தர் அதை நம்பி ஊசி போட்டுக்குவாரு."

மாமாவுக்கும் சர்க்கரை உண்டு. அவர் தன் தட்டைத் தள்ளி வைத்தார். சின்னவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன சொல்றீங்க அக்கா?"

நான் என்ன சொல்ல? அவள் வேலைக்கு நான் யார் சொல்ல? "நீ பேசிட்டு வாம்மா. நான் பூண்டு எடுத்து வைக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் அவள் சூப்பரிடம் சொன்னாள். நான் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மை. இவள் நிதானமாகச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கமிருந்து 'சூப்பர்' என்ற சொல் வரவில்லை.

"மேடம்," என்றார் அவர், "எல்லாம் ரெடின்னு மேல சொல்லிட்டேன் மேடம். இப்ப வந்து சொல்றீங்களே?"

"நேத்துதான் சார் கண்டுபிடிச்சேன்."

"பழைய ரன்டைமுக்கே போயிடலாம்னா கருவி பண்ற டீம் ஒத்துக்க மாட்டாங்க. புதுசுலதான் போகணும். நாளை மறுநாள் வரைக்கும் டைம். அந்த டெஸ்ட்டெல்லாம் நிஜமா ஓடி, ஒரு தப்பாவது காட்டுங்க. இல்லைன்னா இது அப்படியே ஜனங்களுக்குப் போயிடும். அப்புறம் உங்களைப் பத்தி நான் என்ன எழுதறதுன்னு எனக்கே தெரியலை."

மாமா என் காதருகே, வலது காதருகே வந்து, "இன்னைக்கு சூப்பர் லீவு போல" என்றார். சிரிக்க முடியவில்லை.

அவள் உட்கார்ந்தாள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பியது. முதல் நாள் முழுக்கச் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, இங்கிலீஷில் திட்டுத் திட்டாக எழுத்துதான் திரையில் வந்தது. சாயங்காலம் காபியோடு போனேன். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னதான் சொல்லுது அது?"

"அந்தச் சின்னத் துண்டைப் புதுசா மாத்திட்டேன் அக்கா. அது, 'எனக்குத் துணையா இருக்கே ஒண்ணு, அதுவும் புதுசா இருந்தாத்தான் நான் வேலை செய்வேன்'ங்குது. சரின்னு அந்தத் துணையைப் புதுசாக்கினா, எங்கயோ மூலையிலிருந்து இன்னொண்ணு எழுந்து, 'அது பழசா இருந்தாத்தான் நான் வருவேன்'ங்குது."

"கல்யாண வீட்ல நடக்கறதுதானே இது" என்றேன். "அத்தை புதுப் புடவை கட்டினாத்தான் பெரியப்பா முகம் கொடுத்துப் பேசுவார். பழைய புடவை கட்டினாத்தான் சித்தப்பா உள்ள வருவார். நடுவுல அத்தை பாவம், என்ன பண்ணுவா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், காபி சிந்திவிட்டது. கண்ணில் நீர் வர, மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அழுகையும் அதில் பாதி இருந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தத் துண்டுகளுக்கு வேறு பெயரே இல்லை. "பெரியப்பா வந்துட்டாரு அக்கா, அத்தைதான் இன்னும் கிளம்பலை." "அத்தை கிளம்பிட்டா, சித்தப்பா வாசல்ல நின்னு மல்லுக்கட்டறாரு." நான் சமையலறையிலிருந்தே, "அந்த மனுஷனை யாரு கூப்பிட்டது?" என்று கேட்பேன்.

"அதைத்தான் அக்கா நானும் தேடறேன்!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நிஜமாகவே ஒரு சித்தப்பா உண்டு. மாமாவின் தம்பி. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் அப்படிக் கூப்பிட்டு, வீட்டில் எல்லோருக்குமே அவர் சித்தப்பாதான். அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷமாகிவிட்டது. பழைய வீட்டில் ஒரு தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் வைப்பது என்று ஆரம்பித்த சண்டை. அந்த வீட்டையே இடித்தாகிவிட்டது, சண்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம். மாமா சாப்பிட்டுவிட்டுக் கூடத்து நாற்காலியில் கண் அசந்திருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து சின்னவள் வீடே கேட்கும்படி கத்தினாள்.

"அக்கா! சித்தப்பா போயிட்டாரு! இனிமே ஒரு பிரச்சினையும் இல்லை!"

பழைய வெர்ஷன் கேட்டு அடம்பிடித்த அந்தத் துண்டு இப்போது யாருக்குமே தேவைப்படவில்லையாம். எவரோ எப்போதோ ஒரு சின்ன வேலைக்காகக் கூட்டிவந்து, வேலை முடிந்தும் அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். இவள் கண்டுபிடித்துக் கழற்றிவிட்டாள். எனக்கு அது புரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை.

திரும்பிப் பார்த்தால் மாமா நாற்காலியில் இல்லை. போனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த எண்ணை அவர் மறக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாமா, யாருக்கு..." என்று நான் வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். பழைய போன், பேசுவது கூடத்துக்கே கேட்கும்.

"யாரு?"

மாமா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். "டேய், நீ எப்படிடா எடுக்கறே?"

"என் வீட்டு போனை நான் எடுக்காம வேற எவன் எடுப்பான்? யாரு, அண்ணனா?"

"நீ போயிட்டேன்னு சொன்னாங்களே!"

"எங்கே போயிட்டேன்? குளிச்சிட்டு இப்பத்தான் வரேன்."

"பிரச்சினை தீர்ந்துச்சுன்னு வேற சொன்னாங்கடா!"

"எவன் சொன்னான்? அவனைக் கூப்பிடு! நான் செத்தா எவனுக்குப் பிரச்சினை தீருது?"

சின்னவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். அவள் விளக்கம் சொல்லப் போனதற்கு மாமா கையை ஆட்டிப் பேசாதே என்றார். தம்பி திட்டத் திட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயும் வந்தது. இருவரும் ஒருமுறை நன்றாகச் சண்டை போட்டார்கள். போனை வைத்துவிட்டு மாமா வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இருக்கான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணனும் தம்பியும் போனில் அந்தக் குழாய்ச் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

அமர்க்களம் அடங்கியதும் சின்னவள் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். முக்காலியை இழுத்தாள்.

"ஓட விட்டுட்டு வந்தேன் அக்கா."

நான் முறத்தை நடுவே வைத்தேன். உரித்தோம். ஒரு பூண்டு முடிந்தது. மணி அடிக்கவில்லை. இரண்டாவது முடிந்தது. கிண்ணம் பாதி நிறைந்தது. "ஓடுது அக்கா" என்றாள் மெதுவாக. "நிஜமாவே ஓடுது." நான் மனசுக்குள் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை.

கிண்ணம் நிறைந்து, மேலே கூம்பாக நின்றபோது மணி அடித்தது. ஓடினாள். பிறகு அப்படி ஒரு சத்தம்.

"சிவப்பு! அக்கா, சிவப்பு வந்துடுச்சு!"

ஆயிரக்கணக்கான கேள்வி கேட்டதில் ஒன்றே ஒன்று சிவப்பு. ஊசி போட்டுக்கொண்டேன் என்று கருவியில் பதிந்துவிட்டு உடனே அணைத்து மறுபடி ஏற்றினால், பதிந்தது அதற்கு மறந்துபோய்விடுகிறது. இன்னொரு தடவை போட்டுக்கொள் என்று சொல்கிறது. புது மேடையில் மட்டும் வரும் தப்பு. மாமா தன் ஊசிப் பெட்டி இருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சூப்பரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார்." அவர் ஓட்டிப் பார்த்தார். "ஆமா மேடம்" என்று மட்டும் சொன்னார். புதுப் புரோகிராம் அந்த வாரம் போகவில்லை. தள்ளிவைத்தார்கள். அவருக்கு மேலே நல்ல திட்டு விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து, கையோடு நிரந்தரமும் ஆகியிருந்தால் எழுதுவதற்கு நன்றாக இருக்கும். ஆகவில்லை. மாதம் முடிந்தபோது, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. வேலை தாமதமானது என்றும் அதில் இருந்ததாம், தப்பைப் பிடித்தாள் என்றும் இருந்ததாம். சின்னவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே அவள் அழுவது கேட்டது. வெளியே வந்தபோது நான் துண்டோடு நின்றேன்.

"அவனுக்கே இது நல்லாவா இருக்கு, இப்படி எழுத?" என்று கேட்டேன். நான் யாரையும் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

"அவரும் பாவம் அக்கா. மேல வாக்குக் கொடுத்துட்டு வந்தவர். என்னைப் போன்னு எழுதலையே."

கொழுந்தனார் கடிதத்தைப் படித்தார். "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் வந்து முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பூண்டு உரித்தார். அவருக்கு உரிக்கத் தெரியாது. பல்லை எல்லாம் நசுக்கினார். அதுபோதும் என்றிருந்தது எனக்கு.

அந்த மூன்று மாதத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். ஓடினது பூஜ்யம் என்றால் திரை சிவப்பாக வேண்டும் என்று கம்பெனியில் எல்லோருடைய சோதனைக்கும் சேர்த்து வைத்தாள். வைத்த வாரமே வேறு இரண்டு குழுவில் சிவப்பு விழுந்ததாம். அங்கேயும் எத்தனையோ நாளாக ஒன்றும் ஓடாமலே பச்சை எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

நிரந்தரமான செய்தியைச் சூப்பரே கூப்பிட்டுச் சொன்னார். மாமா கதவருகே நின்றுகொண்டு, "சொல்றானா? சொல்றானா?" என்று சைகை காட்டினார். "உங்களுக்கு ஆயிடுச்சு மேடம்" என்றார் அவர். "நீங்க அன்னைக்குப் பேசலைன்னா எனக்குத் தூக்கமே வந்திருக்காது மேடம். ரொம்ப..." என்று இழுத்து, "சூப்பர்" என்றார். மாமா கூடத்தில் கைதட்டியது அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருஷம் நாங்கள் பூண்டு உரித்தோம். பிறகு கொழுந்தனாருக்கு வெளிநாட்டில் வேலை வந்தது. அவள் கம்பெனி அங்கிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்தது. போகத்தான் வேண்டும். நானும் போ என்றுதான் சொன்னேன்.

அன்றைக்கு வாசலில் கார் நின்றது. பெட்டிகளை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மாமா அவள் தலையில் கை வைத்து, "எங்களைச் சோதிச்சது போதும், நல்லா இரு" என்றார். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் கார் ஓரமாக, தெருவைப் பார்த்து நின்றேன், அவள் ஜன்னல் என் இடது பக்கம் வரும்படி. அவள் முகத்தை நேராகப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று அப்படி நின்றிருந்தேன். கண்ணாடியை இறக்கும் சத்தம் லேசாகக் கேட்டது. என்னவோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

கதவு திறந்தது. "நேரமாச்சு, இப்ப எங்கே இறங்கறே?" என்று கொழுந்தனார் உள்ளிருந்து கேட்டார். அவள் பதில் சொல்லாமல் இறங்கி, என் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து, என் வலது பக்கம் நின்றாள். என் கையைப் பிடித்தாள். எப்போதும்போலத்தான் சொன்னாள், ஏதோ முன்னறையிலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி.

"ஓட விட்டுட்டுத்தான் போறேன் அக்கா. மணி அடிக்கறதுக்குள்ள வந்துடறேன், எனக்கும் கொஞ்சம் பூண்டு வைங்க."